தவிட்டுக்கு வாங்கிய கரடி

எண்பதுகளில் வத்தல்மலைக்கு பஸ் கிடையாது. அடிவாரத்தில் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மூன்று மணி நேரம் ஏற வேண்டும். ஏறி முடித்தால் சாமைக் காடு, கடுகுக் காடு, பலா மரங்கள், நடுவில் ஓடு வேய்ந்த ஒற்றை அறைப் பள்ளிக்கூடம். ஒன்று முதல் ஐந்து வரை எல்லா வகுப்புக்கும் நான் ஒருத்தியே டீச்சர். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. என் பேச்சை நம்பி அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தி ஒரு நாள் சாகப் போனாள். இதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். சொன்னபோதெல்லாம் என்னைக் கொஞ்சம் நல்லவளாக்கித்தான் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை அப்படிச் செய்யாமல் சொல்லிப் பார்க்கிறேன்.

ஆரம்பித்து வைத்தது என் முந்திரிக்கொட்டைத்தனம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, அதியமான்கோட்டைக்குப் பக்கத்திலிருந்த எங்கள் வீட்டில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பட்டணத்து மிருகக்காட்சிச் சாலை ஒன்று அறிவிப்புக் கொடுத்திருந்தது. அழிந்துகொண்டு வரும் மிருகங்களில் ஒன்றை யார் வேண்டுமானாலும் தத்து எடுக்கலாம். மிருகம் அங்கேயேதான் இருக்கும். அதன் தீனிக்கு நாம் ஒரு தொகை அனுப்பினால், நம் பெயருக்கு ஒரு சான்றிதழும் மிருகத்தின் படமும் வரும். யானை, புலி என்று பட்டியல் போட்டுக் கடைசியில் கரடி என்று எழுதியிருந்தது. இருப்பதில் மலிவு கரடிதான். அதை யாரும் சீந்தவில்லை போலிருக்கிறது.

மிருகங்களின் மேல் எனக்கு அப்படி ஒன்றும் உருகி வழிகிற பாசம் கிடையாது. பள்ளிக்கூடத்தைப் பார்க்க அதிகாரி வருகிற அன்று சுவரில் அது தொங்க வேண்டும், அவர் அசந்து போக வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். மலையை விட்டு இறங்க மாறுதல் கிடைக்குமா என்று ஏங்கிக்கொண்டிருந்த காலம் அது. சம்பளத்திலிருந்து மணியார்டர் அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து அடிவாரத்து டீக்கடையில் எனக்காக ஒரு நீள உறை காத்திருந்தது. கெட்டிக் காகிதத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயரைப் போட்டு, இந்தக் கரடிக்கு நீங்கள் வளர்ப்புப் பெற்றோர் என்று அச்சடித்திருந்தார்கள். நெஞ்சில் வெள்ளைப் பிறையோடு கரடி பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுமந்துகொண்டு போய்க் கரும்பலகைக்குப் பக்கத்தில் மாட்டினேன்.

பிள்ளைகளுக்கு விளக்கப் போனபோதுதான் மாட்டிக்கொண்டேன்.

"அது பட்டணத்துல இருக்குதுங்க டீச்சர். அப்பறம் எப்படி நம்முளுது?" என்று நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து கேட்டாள். எதையும் கேட்டுவிட்டுப் பதில் வருகிற வரைக்கும் உட்கார மாட்டாள். ஒல்லியாக, எண்ணெய் காணாத தலையோடு, கண் இமைக்காமல் நிற்பாள்.

பேச்சுக்கு நம்முடையது, கையில் இல்லாதது; இதை எப்படிச் சொல்வது? சட்டென்று எனக்குத் தவிட்டுப் பிள்ளை ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்தில், அடுத்தடுத்துப் பிள்ளை தங்காமல் போகிற வீட்டில், அடுத்துப் பிறந்ததை முறத்தில் கிடத்தி வேறொருத்திக்கு ஒரு படி தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். பிள்ளை பெற்றவளிடமேதான் வளரும். பேச்சுக்கு மட்டும் அது வாங்கினவளின் பிள்ளை. சாவு தேடி வந்தால், இந்த வீட்டில் பிள்ளையே இல்லை என்று ஏமாந்து திரும்பிவிடும் என்று நம்பிக்கை. வேதக்காரர்களான எங்கள் சனமும் ஞானஸ்நானம் கொடுத்த கையோடு இதையும் செய்துவிடும். சாமியாருக்கு மட்டும் சொல்ல மாட்டார்கள். மலையிலும் இந்த வழக்கம் உண்டு என்று எனக்குத் தெரியும்.

"தவிட்டுக்கு வாங்குவாங்க இல்ல, அந்த மாதிரிதான். பட்டணத்துக்காரங்க கரடியப் பெத்தவங்க. நாம தவிட்டுக்கு வாங்கினவங்க" என்றேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

"நான் தவிட்டுப் புள்ளைங்க டீச்சர்" என்றாள் அவள்.

அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகள் செத்துப்போயிருந்தன. அவளை இரண்டு வீடு தள்ளி ஒரு அம்மாள் வாங்கியிருந்தாள். அவளுக்குக் காய்ச்சல் கண்டால் அந்த அம்மாள் ஓடி வந்து, வாசப்படியில் ஒரு கைத் தவிட்டை வீசி, "இது எம் புள்ள. இதத் தொட உனக்கு வேலையில்ல, போ" என்று அதட்டுவாளாம். இதைச் சொல்லிவிட்டு அவள் முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு, "வாங்குனவங்க வரலைன்னா புள்ள செத்துருமுங்க டீச்சர்" என்றாள்.

அந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். அவளுக்கு இது உதாரணம் இல்லை, உயிர் என்பது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நானோ பாடம் களைகட்டிவிட்டது என்ற குஷியில் இருந்தேன். மறுநாள் அவள் சாமைத் தவிடு கொண்டு வந்தாள். சட்டத்தைக் கழற்றி முறத்தில் கிடத்தினோம். எல்லோரும் சேர்ந்து அவளையே தவிடு போடச் சொன்னோம். ஒரு கை தவிட்டை முறத்தில் போட்டுவிட்டு, உட்காராமல் நின்றாள்.

"அப்ப நம்ம மலையில இருக்குற கரடிங்க?"

"எல்லாக் கரடிக்கும் சேத்துத்தான் வாங்கியிருக்கோம். எல்லாம் நம்ம புள்ளைங்கதான்" என்றேன்.

ஊர் சிரித்தது. பலாப்பழம் பழுக்கத் தொடங்கியதும், கிணற்றடியில் என்னைப் பார்க்கிறவர்களெல்லாம், "டீச்சரம்மா, உங்க புள்ள நேத்து எங்க மரத்துல ஏறி நாலு பழத்தத் தின்னுட்டுப் போயிருச்சு. சொல்லி வெய்யிங்க" என்று கேலி செய்தார்கள். நானும், "வளர்ப்பு சரியில்ல, கண்டிக்கிறேன்" என்று சொல்லிச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு ஆடி மாதம் ஒரு விடியற்காலையில் நின்றுபோனது. அந்தப் பெண்ணின் சித்தப்பா, அவள் அப்பாவுக்கு ஒரே தம்பி, காட்டுக்குக் காவல் போய்விட்டு வீடு திரும்பும்போது கரடிக்கு எதிரே போய்விட்டார். நான் போய்ப் பார்த்தபோது முகத்தில் துண்டைச் சுற்றியிருந்தார்கள். துண்டு முழுக்க ரத்தம். ஒரு பக்கக் கன்னம் இருக்க வேண்டிய இடத்தில் துண்டு உள்ளே ஒட்டிக்கிடந்தது. மூங்கில் கழியில் கம்பளியைக் கட்டி அவரைத் தூக்கிக்கொண்டு எட்டுப் பேர் மலையிறங்கினார்கள். தருமபுரி பெரியாஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். ஒரு கண் போய்விட்டது. கல்யாணம் நிச்சயமாகி இருந்த மனிதர்.

மலைக்குத் திரும்பி வந்த அன்றே அவள் அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லாத மனிதர். சுவரில் மாட்டியிருந்த கரடியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதக் கழட்டிருங்க டீச்சரம்மா."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிற வயசு. அரசாங்கப் பள்ளிக்கூடத்துச் சுவரில் என்ன மாட்ட வேண்டும் என்று இவர் யார் சொல்வதற்கு? "உங்க தம்பிய அடிச்சது இந்தக் கரடியாங்க? இது பட்டணத்துல கூண்டுக்குள்ள இருக்குது. இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டேன். பிள்ளைகளுக்கு ஒரு பேச்சு, பெரியவர்களுக்கு ஒரு பேச்சு. அவர் திரும்பிப் போய்விட்டார். நாலாம் வகுப்பு வரிசையில் அவர் மகள் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எந்தப் பேச்சை எடுத்துக்கொண்டாள் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்துக் காலையில், மணி அடித்து முடித்த நேரத்தில் அவர் மறுபடி வந்தார். இந்தத் தடவை வாசலிலேயே நின்றார்.

"ஓடை மேட்டுல அவுட்டுக்காய் வெச்சிருக்கோம். புள்ளைங்கள அந்தப் பக்கம் விட்டுராதீங்க."

அவுட்டுக்காய் என்றால் வெடிமருந்தை இறுக்கிக் கட்டிய உருண்டை. எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும். பன்றிக்காக வைப்பார்கள். கடித்தாலோ, அழுந்தினாலோ, கல்லில் விழுந்தாலோ வெடிக்கும். இங்கே பலாப்பழத்தைக் கீறி, சுளைக்குள் புதைத்து, பழத்தைக் கரடி வருகிற தடத்தில் வைத்திருந்தார்கள். கரடியைக் கொல்வது குற்றம் என்று எனக்குத் தெரியும். அடிவாரத்துக்கு இறங்கி வனத்துறைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ரத்தத் துண்டைப் பார்த்த பிறகு எந்த முகத்தோடு இறங்குவது? தத்தெடுத்த வீராப்பெல்லாம் கண்ணாடிச் சட்டத்துக்குள்ளேயே இருந்துவிட்டது.

"எந்த எந்த எடத்துலங்க?" என்று கேட்டேன். பொறுப்பான டீச்சர் அல்லவா நான்!

அவர் கீழேயிருந்து மேலே வரிசையாகச் சொன்னார். நான் அதைக் கரும்பலகையில் எழுதினேன். நாவல் மரத்தடி. புங்க மரத்தடி. கடுக்காய் மரத்தடி. ரெட்டைப் பாறை. செம்புற்று. மூங்கில் புதர். ஊத்துக்குழி. மொத்தம் ஏழு. எழுதியதோடு விட்டேனா? ஆடு மேய்க்கிற பிள்ளைகள், கால் போன போக்கில் போகிற பிள்ளைகள். மறந்துவிடக் கூடாதே என்று, வாய்ப்பாடு மாதிரி எல்லோரையும் ஒப்பிக்க வைத்தேன். ஒவ்வொருவராக எழுந்து நின்று, வரிசை மாறாமல், மூன்று தடவை. அவள்தான் ஒரு இடத்தில்கூடத் திக்காமல் சொன்னாள். "சபாஷ்" என்று நான் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவள் அப்பா வாசலில் நின்று கேட்டுவிட்டு, திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் காட்டு வேலைக்குப் போனார்.

மத்தியானம் சத்துணவு முடிந்தது. வெளியே சாரல் பிடித்திருந்தது. மணியடித்து எல்லோரும் உள்ளே வந்து உட்கார்ந்தபோது நாலாம் வகுப்பில் ஒரு இடம் காலியாக இருந்தது. அவள் தட்டு மட்டும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

"எங்க அவ?"

பிரம்பை எடுத்து மேசையில் ஒரு அடி அடித்தேன். ஒன்றாம் வகுப்புப் பொடிசு ஒன்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டு சொன்னது.

"அக்கா தவுடு எடுத்துக்கிட்டுப் போச்சுங்க டீச்சர்."

"எங்க போனா?"

"காய எடுக்க. கரடி செத்துருமாம். வாங்குனவங்கதான் போவணுமாம்."

ஒரு நிமிஷம் நான் எங்கே நிற்கிறேன் என்றே தெரியவில்லை. பிள்ளைகளை வெளியே வராதீர்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அவள் அப்பா களை பிடுங்கிக்கொண்டிருந்த சாமைக் காட்டுக்கு ஓடினேன். மூச்சு வாங்க அவரிடம் சொன்னேன். நான் நாலு வார்த்தை சொல்வதற்குள் அவருக்கு விளங்கிவிட்டது. கையிலிருந்த களைக்கொத்தைக் கீழே போடாமல், மெதுவாகத் தரையில் வைத்தார். அந்த நிதானத்தைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

நான் ஓடை மேட்டைப் பார்த்து அவள் பெயரைச் சொல்லிக் கத்த வாயெடுத்தேன். அவர் என் கையை அழுத்திப் பிடித்தார். வேறு சமயமாக இருந்தால் என்னைத் தொடுகிற மனிதர் இல்லை.

"கத்தாதீங்க டீச்சரம்மா. கத்துனா பயந்துக்கிட்டு ஓடியாருவா. ஓடுனா உழுந்துருவா."

பக்கத்துப் பாத்தியில் இருந்த அவள் அம்மாவும் எங்கள் பின்னால் வந்துவிட்டாள். என்ன நடந்தது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் முகமே போதும். மூன்று பேரும் ஈரத் தடத்தில், ஓடவும் முடியாமல் நடக்கவும் முடியாமல் ஏறினோம். எந்த நிமிஷத்திலும் அந்தச் சத்தம் கேட்கலாம் என்று என் உடம்பு முழுக்கக் காதாக இருந்தது. அருள் நிறைந்த மரியே என்று சொல்லத் தொடங்கினேன். அடுத்த வரி வரவில்லை. நாவல் மரத்தடி, புங்க மரத்தடி, கடுக்காய் மரத்தடி என்று நான் ஒப்பிக்க வைத்த வரிசைதான் மண்டைக்குள் ஓடிற்று.

நாவல் மரத்தடியில் பலாப்பழம் இருந்தது. கீறின இடம் அகலமாகப் பிளந்து, உள்ளே சின்ன விரல்கள் தோண்டின குழி. உருண்டை இல்லை. அதற்குப் பதிலாக ஒரு சிட்டிகைத் தவிடு இருந்தது. அவள் அப்பா குனிந்து பார்த்தார். பிறகு சுற்றிலும் புல்லில் தேடினார்.

"தூக்கிப் போடல. கையில எடுத்துக்கிட்டுப் போறா" என்றார், தனக்குத் தானே சொல்வதுபோல.

புங்க மரத்தடியிலும் அப்படித்தான். கடுக்காய் மரத்தடியிலும் அப்படித்தான். ஒவ்வொரு இடத்திலும் உருண்டை இல்லாத குழி, ஒரு சிட்டிகைத் தவிடு. ஒவ்வொன்றையும் பார்க்கிறபோது ஒரு மூச்சு விடுவோம், இது வெடிக்கவில்லை என்று. அடுத்த மூச்சில் கணக்கு ஏறும். இப்போது அவளிடம் மூன்று இருக்கிறது. ரெட்டைப் பாறையைத் தாண்டியபோது நாலு. அவற்றை எதில் வைத்திருக்கிறாள்? கையிலா, மடியிலா? ஒன்றோடு ஒன்று இடித்தால்? அவள் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வந்தாள். என்னை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்துத் திட்டியிருந்தால் எனக்குச் சுமை குறைந்திருக்கும்.

செம்புற்றுக்குப் பக்கத்தில் கரடிக் காலடி தெரிந்தது. மனிதப் பாதம் மாதிரிதான், நகங்கள் மட்டும் முன்னால் நீளமாகப் பதிந்திருக்கும். சாரலில் இன்னும் கலையாமல் இருந்தது. பகலில் கரடி வெளியே வராது என்பார்கள். மூட்டமான நாளில் வரும் என்பதை அவர் முகம் எனக்குச் சொன்னது. அந்தத் தடத்துக்கு மேலேயே சின்னக் கால் தடமும் ஏறியிருந்தது.

மூங்கில் புதரைச் சுற்றித் திரும்பியபோது அவளைப் பார்த்தோம்.

எங்களுக்கு மேலே, ஊத்துக்குழிப் பக்கத்திலிருந்து, வழுக்குப் பாறை வழியாக இறங்கிக்கொண்டிருந்தாள். பாவாடையை மடியாகச் சேர்த்து இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தாள். மடி கனத்துத் தொங்கியது. அவள் அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் அது முழங்காலில் இடித்து ஆடியது. பாறை நனைந்து மின்னியது. அவள் காலில் செருப்பில்லை. எங்களைப் பார்த்ததும் திடுக்கிட்டாள். அப்பாவிடம் அடி வாங்கப் போகிறோம் என்ற பயம் முகத்தில் வந்தது. ஒரு காலைப் பின்னால் வைத்தாள்.

"கண்ணு" என்றார் அவர். வாசலில் விளையாடுகிற பிள்ளையைக் கூப்பிடுகிற குரலில். "இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல சோத்துக்கு என்னா போட்டாங்க?"

அவள் நின்றாள். "பருப்பும் சோறும்ப்பா."

"நல்லா இருந்துச்சா?"

"உப்பு பத்தல."

"அங்கயே நில்லு கண்ணு. அப்பா மேல வரேன். உக்காராத. மடிய எறக்காத. காலு வலிக்குதா?"

"இல்லப்பா."

பேசிக்கொண்டே ஏறினார். பருப்பில் உப்புப் பற்றாததைப் பற்றி, யார் சமைத்தார்கள் என்பதைப் பற்றி, ஏதேதோ. என் வாழ்நாளில் ஒரு மனிதன் அவ்வளவு பொறுமையாகப் பேசி நான் கேட்டதில்லை. அவர் முதுகைத்தான் நான் பார்த்தேன். சட்டை நனைந்து ஒட்டிக்கிடந்தது. முதுகு நடுங்கிக்கொண்டிருந்தது. குரலில் நடுக்கம் இல்லை.

அவள் முன்னால் போய் மண்டியிட்டார். திரும்பாமலே, "டீச்சரம்மா, வாங்க. கைய நீட்டுங்க" என்றார்.

போகக் கூடாது என்று என் கால் சொன்னது. போனேன். அவர் மடிக்குள் கைவிட்டு, ஒன்றை எடுத்து, என் உள்ளங்கையில் வைத்தார். பலாப் பாலும் தவிடும் ஒட்டிப் பிசுபிசுத்தது. ஆறடி தள்ளிப் புல் தரையில், ஏறும்போதே அவர் விரித்துப் போட்டிருந்த துண்டில் அதைக் கொண்டு வைக்க வேண்டும். என் கை வேர்த்து வழுக்கியது. கை தவறினால் நான் மட்டுமில்லை, அவளும் போய்விடுவாள். ஒன்று வைத்தேன். திரும்பி வந்தேன். இரண்டு. மூன்று. நாலாவதை எடுக்கும்போது உள்ளே இரண்டு ஒன்றோடு ஒன்று உரசி மெல்லியதாக ஒரு சத்தம் வந்தது. அவர் கையை அசைக்காமல் அப்படியே வைத்திருந்தார். பிறகு எடுத்தார். ஐந்து. ஆறு.

மடியைக் கையால் துழாவினார். "ஏழாவது எங்க கண்ணு?"

"ஊத்துக்குழில பழமே இல்லப்பா. இழுத்துக்கிட்டுப் போன தடம்தான் இருக்குது. அங்க முள்ளுக்குள்ள போவுது. எனக்குப் பயமா இருந்துச்சு. வந்துட்டேன்."

அவர் அவளை அப்படியே வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவள் அம்மா ஓடி வந்து இருவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நான் பாறையில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளை பிழைத்துவிட்டாள். அதைத் தவிர வேறு எதுவும் அந்த நிமிஷத்தில் எனக்கு வேண்டியிருக்கவில்லை. கரடியாவது, ஒன்றாவது!

அவர் எழுந்தார். அவளைக் கீழே இறக்கி, தலையில் ஒட்டியிருந்த இலையைத் தட்டிவிட்டார். "ஏங்கண்ணு அத மடியில கட்டிக்கிட்டு வந்த? அங்கயே உட்டுட்டு வந்திருக்கலாம்ல?"

"ஆடு மாடு வாய வெச்சுருமேப்பா. உன்னுதுதான? உங்கிட்டயே குடுத்துரலாம்னு."

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அப்போது அது வெடித்தது.

ஊத்துக்குழிக்கு மேலே, முட்காட்டுக்குள். பெரிய சத்தம்கூட இல்லை. கனமாக, மூடின வாய்க்குள்ளிருந்து வருவதுபோல ஒரே ஒரு தடவை. பறவைகள் எழுந்தன. அதற்குப் பிறகு ஒரு குரல் வந்தது. அந்தக் குரலை எழுத எனக்கு வராது. மனிதர் அழுவதற்கும் அதற்கும் அதிகத் தூரம் இல்லை என்று மட்டும் சொல்வேன். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. தம்பியின் கண்ணைப் பறிகொடுத்த மனிதர் அதைத் தலை குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் சந்தோஷம் துளிகூட இல்லை.

அவள் அழவில்லை. வெறும் மடியை இன்னும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காட்டைப் பார்த்து நின்றாள். குரல் ஓய்ந்த பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர், நீங்க சொல்லிக் குடுத்த வரிசைலதான் போனேன். ஊத்துக்குழிக்கு மொதல்ல போயிருக்கணுமா?"

கேட்டுவிட்டு, வழக்கம்போல, பதில் வருகிற வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அம்மாவும் அப்போதுதான் முதல் தடவையாக என்னைப் பார்த்தாள். என்னிடம் பதில் இருந்தது. உன்னை அனுப்பியது என் வாய். படத்தைக் காட்டி உனக்கு ஒரு பிள்ளையைக் கொடுத்தவள் நான். எல்லாக் கரடியும் உன்னுடையது என்று சொன்னவள் நான். அவை எங்கே சாகும் என்று உனக்கு வரிசையாக மனப்பாடம் செய்ய வைத்தவளும் நான். வேலை போய்விடும் என்று ஒரு பக்கம் நினைத்தேன். ஊர் என்னை என்ன செய்யும் என்று இன்னொரு பக்கம் நினைத்தேன். அந்தக் குரல் கேட்டு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அதற்குள் இதெல்லாம் நினைக்க என்னால் முடிந்தது.

அவள் அப்பா மறுபடி மண்டியிட்டு, அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

"உம் மேல ஒரு தப்பும் இல்ல கண்ணு. வெச்சவன் அப்பன். தப்பு அப்பனுது."

நான் பக்கத்தில்தான் நின்றேன். இல்லம்மா, டீச்சருதுதான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் சொல்லவில்லை. அவள் தன் அப்பாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டி, அவர் சொன்னதை நம்பினாள்.